அரசாங்கம் மேலே, தனியார் கீழே

என்னை ஒருவரும் கைநீட்டி அடித்ததில்லை என்று முப்பத்திரண்டு வயதுவரை சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் வாங்கிய பிரம்படிகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை பாடத்திட்டத்தின் பகுதி. வளர்ந்த மனிதனாக, முழு அறிவோடு, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு பின்தொடையில் கிரிக்கெட் மட்டையால் பதினொரு அடி வாங்கியது சிட்னியில், எழுபதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடித்தவர் பிலிப்பைன்ஸ்காரர். அடி நியாயமானது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைப் பதற்றமில்லாமல் எழுதலாம்.

வீடு ஹரிஸ் பார்க்கில். இப்போது அந்தத் தெருவில் ஜிலேபிக்கு வரிசையில் நிற்கிறார்கள். அன்றைக்கு ஒரு பிடி பச்சை மிளகாய்க்கு நான் ரயிலேறிப் போகவேண்டியிருந்தது. பழைய மரவீடு, மூன்று அறை, ஒரு குசினி. குசினியில் நாலு கதிரை, அதில் ஒன்றுக்குக் கால் மூன்று. முதல் அறையில் நான். இரண்டாவதில் அட்டர்னி. மூன்றாவதில் அட்டர்னி கூட்டிக்கொண்டு வந்த எஞ்சினியர்.

இவை நான் வைத்த பெயர்கள் இல்லை. பிலிப்பைன்ஸில் படித்த மனிதனைத் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பெண்சாதிகூட. யாழ்ப்பாணத்தில் நாங்கள் டொக்டர் வீடு, எஞ்சினியர் வீடு என்று மதிலுக்கே மரியாதை கொடுக்கிறவர்கள். எனக்கு இந்த வழக்கம் உடனே பிடித்துப்போயிற்று. என்னை அவர்கள் புரொபசர் என்றார்கள். சாப்பிடும்போதும் புத்தகம் வாசிப்பேன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை. உண்மையில் மூன்று பேருடைய மரியாதையும் வீட்டு வாசற்படியோடு முடிந்துவிடும். அட்டர்னி சட்டப்படிப்பை முடிக்கவில்லை. எஞ்சினியர் முடித்திருந்தார், அவுஸ்திரேலியா அதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பல்கலைக்கழகம் என்னை இரண்டுமுறை வேண்டாம் என்று சொன்னபிறகு தபாலில் பாடம் படித்து வெளிவாரியாகப் பட்டம் எடுத்தவன் நான்.

அவர்கள் இருவருக்கும் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அட்டர்னி கொல்லும் இடத்தில் நின்றார். கொக்கியில் தலைகீழாகத் தொங்கி வரும் ஆடுகளின் கழுத்தை ஒரே இழுப்பில் அறுப்பது அவர் கடமை, நிமிடத்துக்கு இத்தனை என்று கணக்கு. எஞ்சினியருக்கு அதற்கு அடுத்த பெரிய மண்டபத்தில், எலும்போடு மாட்டிறைச்சியைப் பிளக்கும் மின்வாளில். பின்னேரம் இருவரும் குளித்துவிட்டுத்தான் வருவார்கள், ஆனாலும் குசினிக்குள் ஒரு கொழுப்பு மணம் கூடவே வந்து உட்காரும். நான் மரக்கறி சாப்பிடுகிறவன் என்று அவர்கள் நினைத்தார்கள். அப்படி இல்லை. அவர்களைப் பார்த்தபிறகு அப்படி ஆனவன்.

அட்டர்னிக்கு எஞ்சினியரை முன்பின் தெரியாது. தொழிற்சாலையில் உடுப்பு மாற்றும் இடத்தில் இவருடைய தொடையின் பின்பக்கத்தைக் கண்டிருக்கிறார்: உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துத் தடித்த தோல். ஒரு கேள்வி கேட்டு, சங்கத்துக்கென்றே உள்ள ஒரு தனி மாதிரியில் கைகுலுக்கி, அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். அவர்களுடைய பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கங்கள் உண்டு. சேரப்போகிறவனின் கண்ணைக் கட்டித் துடுப்பு மாதிரியான பலகையால் தொடையில் அடிப்பார்கள், ஒருநாள் இரண்டுநாள் இல்லை, கிழமைக் கணக்காக. விழாமல் நின்றவன் சகோதரன். அட்டர்னி படித்த அரசாங்கப் பல்கலைக்கழகத்திலும் எஞ்சினியர் படித்த தனியார் பல்கலைக்கழகத்திலும் இதே சங்கத்துக்குக் கிளை இருந்தது. வேறெதிலும் ஒத்துப்போகாத அந்த இரண்டு இடங்களும் பலகையின் அகலத்தில் ஒத்துப்போயின.

எஞ்சினியரோடு சேர்ந்தவர்களில் ஒருவன் நாலாம் நாள் சிறுநீர் கறுப்பாகப் போய்ச் செத்தான். வீட்டாருக்கு மாடிப்படியில் விழுந்தான் என்று சொன்னார்களாம். எஞ்சினியர் இதைச் சோற்றைக் கரண்டியால் அள்ளியபடியே சொன்னார். அதைக் கண்டபிறகும் ஏன் விட்டுப்போட்டு வரவில்லை என்று கேட்டேன். பாதி அடி வாங்கினபிறகு விட்டால் வாங்கின அடி வீண்தானே என்றார். என்னுடைய வெளிவாரிப் படிப்பை நான் ஏன் இடையில் விடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

சங்கத்தின் சட்டங்களையும் அவரே சொன்னார். சகோதரன் கேட்டால் மறுக்கக்கூடாது. சகோதரனின் முகத்தில் கைவைக்கக்கூடாது. பிழை விட்டவன் சுவரில் கையை ஊன்றி நிற்கவேண்டும், பாதிக்கப்பட்டவன் அடிக்கவேண்டும், அதற்குப்பிறகு அந்தக் கதையை எடுக்கக்கூடாது. எவ்வளவு காட்டுமிராண்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் குடும்பங்களில் ஒருவரையொருவர் தொடாமலே முப்பது வருடம் பேசாமல் இருந்து காரியத்தை முடித்துக்கொள்வோம்.

இனி என் வேலையைச் சொல்லவேண்டும். வெளிநாட்டில் பெற்ற பட்டங்கள் இந்த நாட்டில் எவ்வளவு பெறும் என்று தீர்மானிக்கும் ஒரு குழுவுக்கு நான் எழுதுவினைஞன். எட்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமையில் குழு கூடும். கோப்புகளை வரிசைப்படுத்தி மேசையில் வைப்பது என் பொறுப்பு. பிலிப்பைன்ஸிலிருந்து கோப்புகள் கூடத் தொடங்கியபோது என் மேலதிகாரி, நல்ல மனிதர், ஓய்வுபெறக் காத்திருந்தவர், அவற்றை என்னிடம் தள்ளிவிட்டார். நீ அந்தப் பக்கத்து ஆள்தானே, உனக்கு விளங்கும் என்றார். மணிலா யாழ்ப்பாணத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எனக்கும் தெரியாது. ஆனால் விளங்காது என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோலை எடுத்தேன். அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் போட்டியிட்டுப் போனவன், மூளை உள்ளவன்; மேலே. தனியார் என்றால் மற்ற இடத்தில் கிடைக்காமல் போனவன், கீழே. புனிதர்களின் பெயரில் உள்ள கல்லூரிகளை நடுவில் வைத்தேன், ஏனென்றால் எங்கள் ஊரில் புனிதர் பெயருள்ள பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள். கீழே போகும் கோப்பின் முதல் பக்கத்தில் 'தனியார், மேலும் விசாரிக்கவும்' என்று ஒரு துண்டு ஒட்டுவேன். விசாரிக்கும் கடிதம் கப்பலில் போகும். பதில் பெரும்பாலும் வராது. அந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் தனியார் பல்கலைக்கழகங்களிலேயே படிக்கிறார்கள் என்பதும், அவற்றில் சில அரசாங்கத்தினுடையதைவிடக் கடினமானவை என்பதும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. என்னை உள்ளே விடாத ஒரு கதவுக்கு அவுஸ்திரேலியாவில் இருந்துகொண்டு காவல் பார்த்திருக்கிறேன், சம்பளமில்லாமல்.

வீட்டில் நான் ஆவணப் பகுதியில் வேலை செய்வதாக மட்டும் சொல்லியிருந்தேன். உண்மையைச் சொன்னால் சிட்னியில் உள்ள பிலிப்பைன்ஸ்காரர் எல்லாரும் கோப்போடு வந்து குசினியில் குந்துவார்கள் என்ற பயம். எஞ்சினியரின் கோப்பு அவர் வீட்டுக்கு வரமுதலே என் கையால் கீழே போயிருந்தது. அவர் வந்து இரண்டாம் கிழமை, ஒரு கடிதத்துக்காகக் காத்திருப்பதாகச் சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் சொன்னது இதுதான்: மெல்பேர்னுக்கு வடக்கே கிரெய்கிபர்ன் பக்கம் வெறும் புல்வெளியில் குடியிருப்பு வரப்போகிறது, அங்கே தெருவும் வடிகாலும் போடும் ஒரு கம்பனி, அங்கீகாரக் கடிதம் இருந்தால் டிசம்பரில் நத்தாருக்குள் எஞ்சினியராக எடுக்கிறோம் என்று எழுதியிருந்தது. அந்த வேலை கிடைத்தால் மனைவியும் மகளும் வரலாம். மகளுக்கு இரண்டு வயது. அவர் இன்னும் அவளைத் தூக்கியதில்லை.

கோப்பை மேலே தூக்கி வைக்க எனக்கு அரை நிமிடம் போதும். வைக்கவில்லை. தெரிந்தவனுக்குச் சலுகை காட்டக்கூடாது என்று எனக்கு நானே சொன்னேன். உள்ளுக்குள், துண்டு சரியாகத்தான் ஒட்டப்பட்டிருக்கிறது என்றும் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு அட்டர்னி தினமும் எண்ணெய் விட்டார். எஞ்சினியரின் பல்கலைக்கழகம் மணிலாவின் சந்தைத் தெருவில் ஏழு மாடிக் கட்டடம் என்றும், கீழே சப்பாத்துக் கடை மேலே வகுப்பு என்றும், காலை மத்தியானம் இரவு என்று படம் ஓட்டுவதுபோல மூன்று காட்சி நடக்கும் என்றும் அவர் சொல்வார். எஞ்சினியர் சிரித்துக்கொண்டே கேட்பார். அது உண்மைதான், பகலில் சீமெந்துக் கல் அரியும் இடத்தில் வேலை செய்துவிட்டு இரவுக் காட்சிக்குப் போனவர் அவர், ஐந்து வருடம்.

ஒரு ஞாயிறு அவர் சிரிக்கவில்லை. வினாகிரியும் சோயாவும் விட்டுச் சமைத்த கோழி மேசையில் இருந்தது. அட்டர்னி அன்று எஞ்சினியரின் மோதிரத்தைத் தொட்டார். அவர்களில் பட்டம் முடித்தவர்கள் கல்லூரியின் பெயர் பொறித்த கல்மோதிரம் போடுவார்கள். இவருடையதில் சிவப்புக் கல், இடதுகை நடுவிரலில். திருவிழாக் கடையில் இதைவிட நல்ல கல் கிடைக்கும் என்றார் அட்டர்னி. பிறகு, எனக்குக் கேட்கவேண்டுமென்றே ஆங்கிலத்தில் சொன்னார். அவர்களுடைய ஆங்கிலம் என் மனதில் எங்கள் ஊர்த் தமிழாகவே தங்கிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

"நாங்கள் சோதினை எழுதி உள்ள போனனாங்கள், புரொபசர். இவையள் பற்றுச்சீட்டைக் காட்டி உள்ள போனவை."

"ஓம்," என்றார் எஞ்சினியர். "நீ உள்ள போனது சோதினையால. வெளிய வந்தது மதிலால."

அது விழவேண்டிய இடத்தில் விழுந்தது. ஊர்வலத்தைக் கலைக்க ஆயுதப் பொலிஸ் வளாகத்துக்குள் வந்த நாளில் அட்டர்னி மதிலேறிக் குதித்து ஓடியவர். கண்ணீர்ப் புகைக்குள் அவருக்குப் பக்கத்தில் நின்றவனைக் குண்டாந்தடியால் வாயில் அடித்தார்கள். தார் ரோட்டில் பல்லுகள் சோளம்போலக் கிடந்ததை மதில்மேலிருந்து திரும்பிப் பார்த்ததாக அவரே ஒருமுறை குடித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். அதை எஞ்சினியரிடம்தான் சொன்னார், சகோதரன் என்பதால்.

அட்டர்னி எழும்பிச் சோற்றுப் பானையை எடுத்து எறிந்தார். அடுப்பிலிருந்து இறக்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சோறு எஞ்சினியரின் கழுத்திலும் கையிலும் ஒட்டிக்கொண்டு புகைந்தது. அவர் கத்தவில்லை. கோழி வெட்டின கத்தியை எடுத்து மேசையைத் தாண்டிப் பாய்ந்தார், மூன்றுகால் கதிரை முறிந்தது, இருவரும் தரையில் சோற்றுக்குள் உருண்டார்கள். அட்டர்னி அவருடைய பொங்கிய கழுத்தில் பெருவிரலை அழுத்தினார். எஞ்சினியர் நெற்றியால் அவருடைய நெஞ்சில் இடித்த சத்தம் வெறும் பீப்பாவைத் தட்டியதுபோலக் கேட்டது. கத்தி ஒருமுறை இறங்கி, அட்டர்னியின் காதுக்கு நாலு விரல் தள்ளித் தரைப்பலகையில் நின்று ஆடியது. நான் சமாதானம் செய்யும் நோக்கத்தோடு குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நின்றேன். கையில் புத்தகம் இருந்தது. விரலைப் பக்கத்தில் வைத்திருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எஞ்சினியர்தான் முதலில் விட்டார். அறைக்குள் போய் ஒரு பழைய பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து சோற்றுக்கு நடுவில் வைத்தார். அவர்களுடைய நாட்டில் பட்டம் எடுத்தால் மட்டும் எஞ்சினியர் இல்லை. அதற்குப்பிறகு நாடு முழுக்க ஒரே சோதினை, அரசாங்கப் பல்கலைக்கழகமும் தனியாரும் ஒரே வாங்கில் இருந்து எழுதவேண்டும். முதல் பத்துப் பேரின் பெயரைப் பத்திரிகையில் போடுவார்கள். அந்தத் துண்டில் ஏழாவதாக எங்கள் எஞ்சினியரின் பெயர் இருந்தது, சந்தைத் தெருப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு. அட்டர்னி அதை இரண்டுமுறை வாசித்தார். பிறகு எழும்பி, காற்சட்டையைச் சுருட்டி, குளிர்சாதனப் பெட்டியில் கையை ஊன்றி நின்றார். பலகை இல்லை. என் அறை மூலையில் நின்ற கிரிக்கெட் மட்டையை எஞ்சினியர் எடுத்துவந்தார். என் பள்ளிக்கூட அணி முழுவதும் கையெழுத்திட்டுத் தந்த மட்டை அது. ஏழாம் இடம், ஏழு அடி. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து இடுப்பைத் திருப்பி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் பெட்டிக்குள் போத்தல்கள் குலுங்கின. நாலாவதில் அட்டர்னியின் தொடை வெடித்துக் கசிந்தது. ஏழு முடிந்ததும் இருவரும் தரையைக் கழுவினார்கள். அட்டர்னி பழைய துணியால் எஞ்சினியரின் கழுத்துக்குப் பற்பசை பூசினார். எனக்கு மட்டும் அன்று புத்தகத்தில் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

அதற்குக் காரணம் அடி இல்லை, அந்தச் சோதினை. திங்கட்கிழமை அலுவலகத்தில் முதல் வேலையாக அவருடைய கோப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே குண்டூசியில் குத்தியிருந்தது சோதினைச் சான்றிதழ், அரசாங்க முத்திரையோடு. பதினொரு வாரமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. 'தனியார்' என்ற சொல்லைக் கண்டதும் நான் புரட்டுவதை நிறுத்தியிருந்தேன். கோப்பை அடுக்கின் உச்சியில் வைத்தேன். ஆனால் குழு போன செவ்வாய்தான் கூடிக் கலைந்திருந்தது. இனி ஏழு வாரம். வீட்டில் சொல்லவில்லை. ஏழு வாரம்தானே, கடிதம் தானாக வரும், ஒருவருக்கும் தெரியவராது.

இரண்டாம் கிழமை அட்டர்னி குளிக்காமல் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தில் இரத்தம். அதில் என்ன இருக்கிறது என்று நான் திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தேன்.

"இது ஆட்டின்ரை இல்லை," என்றார் அட்டர்னி.

வாளில் நிற்கிறவர்கள் மோதிரம் போடக்கூடாது என்பது தொழிற்சாலையின் விதி. எஞ்சினியர் முன்பெல்லாம் கழற்றித்தான் வைப்பார். அந்த ஞாயிறுக்குப் பிறகு கழற்றவில்லை. கையுறைக்குள் மறைத்துக்கொண்டு போனார். எலும்புச் சில்லொன்று கையுறையைப் பிடித்து இழுத்தபோது மோதிரம் கையை அதிலிருந்து கழன்று வரவிடவில்லை. நடுவிரலும் மோதிரவிரலும் அடியோடு போயின. வாள் நிற்கமுதல் அவை இறைச்சியோடு இறைச்சியாக அடுத்த மேசைக்குப் போய்விட்டன. அங்கே நின்றவன்தான் அலறினானாம், இவர் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த விரலிலிருந்து கழற்றிய மோதிரத்தை ஒரு கடித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப்பிறகு எஞ்சினியர் பகல்முழுக்க வீட்டில் இருந்தார். தபால்காரன் வரும் நேரத்துக்குக் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். நத்தார் நெருங்கியது. கம்பனியிலிருந்து இன்னும் கடிதம் கிடைக்கவில்லையா என்று கேட்டு ஒரு தபால் வந்தது. கட்டு அவிழ்த்த கிழமை, குழு கூடுவதற்கு இரண்டு நாள் முந்திய ஞாயிறு, அவர் என்னிடம் ஒரு உதவி கேட்டார். எனக்கு நல்ல ஆங்கிலம். அங்கீகாரம் தரும் அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதித் தரவேண்டும்.

எழுதினேன். குசினி மேசையில் இருந்து, என் வாழ்க்கையிலேயே சிறந்த ஆங்கிலத்தில், என்னைப்பற்றி எழுதினேன். கவலையீனம் என்று போட்டேன். அட்டர்னி தோளுக்குமேலால் பார்த்து, அறியாமை என்றும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். அவர் அடுத்துச் சொன்ன, தடித்த தோல் கொண்ட கழுதை என்பதை மட்டும், அலுவலகக் கடிதத்துக்குப் பொருந்தாது என்று சொல்லி விட்டுவிட்டேன். எஞ்சினியர் வாசித்துப் பார்த்தார். கொஞ்சம் கடுமையாக இருக்கிறது, அந்த ஆளுக்கும் வேலை கூடவாக இருக்கும் என்றார். பிறகு உறையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஆருக்கு விலாசம் போடுறது, புரொபசர்?"

"எனக்கு," என்றேன்.

முழுவதையும் சொன்னேன்: அடுக்குகள், துண்டு, குண்டூசி, கடைசிப் பக்கம். கேட்கக் கேட்க அட்டர்னியின் கண் என் கழுத்தில் வந்து நின்றது; அவர் தொழிற்சாலையில் பார்க்கும் அதே இடத்தில். எஞ்சினியர் எனக்கு ஒரு கேள்விதான் வைத்தார்.

"உம்மட பட்டம் எந்த அரசாங்கம் தந்தது?"

தபாலில் வந்தது என்றேன். அவர் தலையை ஆட்டினார், வடிகாலின் சரிவைக் கணக்குப் பார்ப்பவர்போல. எத்தனை வாரம் கீழே கிடந்தது என்று அட்டர்னி கேட்டார். பதினொன்று என்றேன். அப்படியென்றால் பதினொன்று என்றார் அட்டர்னி. நான் சகோதரன் இல்லை, எனக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று வாதாடலாம். எதிரில் இருந்தது பாதிச் சட்டத்தரணிதான். ஆனால் எழும்பிப்போய், அறையிலிருந்து மட்டையை நானே எடுத்துவந்து கொடுத்தேன். பெட்டியில் கையை ஊன்றினேன். பெட்டியின் உறுமல் உள்ளங்கையால் ஏறி முழங்கைவரை வந்தது. மாதக்கணக்காக ஒரே மனிதனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடலாம், அவன் உனக்குப் பின்னால் மட்டையோடு நிற்கும்போதுதான் அவன் மூச்சு எப்படி என்று தெரிகிறது.

முதல் அடிக்கு எனக்குச் சத்தம்தான் கேட்டது, வேறு யாருக்கோ விழுந்ததுபோல. பிறகு கால் முழங்காலுக்கு மேலே காணாமல் போய், கொதித்துக்கொண்டு திரும்பி வந்தது. இரண்டாவதில் நாக்கைக் கடித்துவிட்டேன். வாய்க்குள் இரும்பு ருசி. மூன்றாவது சரியாக விழவில்லை. எனக்குப் பின்னால் கண்ணாடி உடைந்தது. திரும்பிப் பார்த்தேன். மட்டை எஞ்சினியரின் பிடியிலிருந்து நழுவிப் பறந்து பீங்கான் அலுமாரிக்குள் போயிருந்தது. அவர் இடதுகையை முகத்துக்கு நேரே பிடித்து, மிச்சமிருந்த இரண்டு விரலையும் பெருவிரலையும் மடக்கி மடக்கிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அந்தக் கையால் ஒன்றை முதன்முதலாக இறுக்கிப் பிடித்திருக்கிறார். தையல் போட்ட இடத்திலிருந்து இரத்தம் முழங்கைவரை வழிந்தது.

மிச்சத்தை நான் அடிக்கிறன் என்றார் அட்டர்னி. அவருக்கு அதில் நல்ல ஆசை இருந்தது. எஞ்சினியர் வேண்டாமென்று கைகாட்டி, உடைந்த பீங்கானுக்குள் காலைவைத்து மட்டையை எடுத்துவந்தார்.

"திரும்பி நில்லும்," என்றார் என்னைப் பார்த்து. "இன்னும் எட்டு."

எட்டையும் ஒற்றைக் கையால் அடித்தார். மட்டை ஒவ்வொரு முறையும் வேறுவேறு இடத்தில் விழுந்தது, சில விளிம்பால், முதுகில் ஒன்று. தரத்தில் குறைந்த அடிகள். எங்கள் குழுவாக இருந்தால் பகுதி அங்கீகாரம் என்று எழுதியிருக்கும். ஆனால் அவர் நிறுத்தவில்லை, நானும் கையை எடுக்கவில்லை. பதினொன்று என்று அட்டர்னி எண்ணி முடித்ததும் எஞ்சினியர் மட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, வலதுகையால் என் தோளைப் பிடித்துத் திருப்பி, அட்டர்னியோடு குலுக்கும் அதே மாதிரியில் கையைக் குலுக்கினார். முறைப்பாட்டுக் கடிதத்தால் தரையிலிருந்த இரத்தத்தைத் துடைத்தார்கள். நல்ல ஆங்கிலம் வீணாயிற்று.

செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்தில் நான் கதிரையில் இருக்கவில்லை. இருக்கமுடியவில்லை. மேலதிகாரி ஏன் நிற்கிறாய் என்று கேட்டார்; கிரிக்கெட்டில் அடிபட்டது என்றேன். அது பொய்யும் இல்லை. எஞ்சினியரின் கோப்பு முதலாவதாக வந்தது. ஒரு அங்கத்தவர், அந்த நாட்டில் பள்ளிக்கூடம் பத்து வருடம்தான், இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டால் இது பட்டமே இல்லை, வரைபடக்காரனாகப் போடலாம் என்று பேனையைத் திறந்தார். எழுதுவினைஞன் கூட்டத்தில் பேசக்கூடாது. தாளைக் கொடுக்கவேண்டும், தாளை வாங்கவேண்டும். நின்றுகொண்டிருந்ததால் வாய் திறந்துவிட்டதோ தெரியாது.

"ஐயா, கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கோ," என்றேன். "நான் புரட்டேல்லை. பிழை என்ரை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வியர்வை கால்வழியாக இறங்கிக் காயத்தில் பட்டு எரிந்தது. பேனையைத் திறந்தவர் புரட்டினார். நாடு முழுக்க நடந்த சோதினையில் ஏழாவது ஆள் என்றால் எத்தனையாம் வருடத்தில் பள்ளிக்கூடம் முடித்தாலென்ன என்று மேலதிகாரி சொன்னார். ஓய்வுபெறப் போகிறவர் என்பதால் அவருக்கு அந்த வசதி இருந்தது. இருபது நிமிடம் இழுபட்டுக் கடைசியில் கையெழுத்திட்டார்கள். முழு அங்கீகாரம். பிலிப்பைன்ஸ் கோப்புகளை அடுத்த நாளே என்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் சரி. போகமுதல் கீழ் அடுக்கில் இருந்த இருபத்துச் சொச்சக் கோப்பின் கடைசிப் பக்கங்களையும் நின்றபடியே புரட்டிப் பார்த்தேன். ஒன்பதில் சான்றிதழ் குத்தியிருந்தது.

எஞ்சினியரின் கடிதத்தை நானே தட்டச்சில் அடித்தேன். அலுவலகப் பிரதியில் பெயருக்கு முன்னால் 'திரு' என்று இருக்கும். அவருக்குப் போன பிரதியில் இருக்காது.

வெள்ளிக்கிழமை அது வந்தது. வாசலில் நின்று பல்லால் உறையைக் கிழித்தார். பெயர் இருந்த முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே இறங்கியது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கதையை இனி எடுக்கக்கூடாது என்பது சட்டம். அட்டர்னிதான் கடிதத்தைப் பறித்து வாசித்து, அரசாங்கம் இப்போது கண்டவனையும் எஞ்சினியர் என்று எழுதுகிறது என்றார். எஞ்சினியர் அவருடைய பின்தொடையில் காலால் ஒன்று போட்டார்.

அடுத்த கிழமை அவர் மெல்பேர்னுக்கு பஸ் ஏறினார். பெட்டியைக் கட்டி முடித்தபிறகு என் அறை வாசலில் வந்து நின்று, கிரிக்கெட் மட்டையைத் தரும்படி கேட்டார். எதற்கு என்றேன்.

"அட்டர்னியோட தனிய இருக்கப்போறீர். அது இங்க கிடக்கிறது உமக்கு நல்லதில்லை."

என் அணியின் பதினொரு கையெழுத்தும் அதில் இருந்தது. அடிகளுக்குப் பிறகு ஆறுதான் அழியாமல் மிச்சம். ஆனால் சகோதரன் கேட்டால் மறுக்கக்கூடாது. எடுத்துக் கொடுத்தேன். வலதுகையால் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.